மீட்டர் அக்காவின் கன்னம்

லாண்டரியில் அவளை மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோட்டல்களிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்பு, தலையணை உறை, டவல் எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, சூடான ரோலரில் விட்டு இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறையில் கட்டித் திருப்பி அனுப்பும் இடம் அது. ஒரே ஒரு விரிப்பில் கொஞ்சம் ஈரம் தங்கிவிட்டால் போச்சு, கட்டு முழுக்க வாடை அடித்து அத்தனையும் திரும்பி வந்துவிடும். அதனால் கட்டுவதற்கு முன் ஒருத்தி பார்த்தாக வேண்டும். அந்த ஒருத்தி இவள். ரோலரிலிருந்து வரும் துணியை எடுப்பாள், "காஞ்சாச்சு" என்பாள், அடுக்குவாள். "ஈரம்" என்றாளானால் அது மறுபடி ரோலருக்குப் போக வேண்டியதுதான், சூப்பர்வைசர்கூட எதிர்ப்பேச்சு பேசமாட்டார். எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் மீட்டரிடம் போய் நீ எப்படிக் கணக்கெடுக்கிறாய் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

வேலையில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. ரோலர் இரைச்சலையும் தாண்டி அவள் குரல் கேட்கும். வண்டிக்காரர் மூட்டைகளைத் தாமதமாக இறக்கினால், "வாங்க, இப்பதான் உங்க ஊர்ல பொழுது விடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் கன்னம் எரிந்தது.

வலது கன்னத்தில்தான் ஆரம்பித்தது. பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, லேசான சிவப்பு, கொஞ்சம் சொரசொரப்பு. கொசுக்கடி என்று நினைத்துச் சொறிந்தாள். பிறகு தோல் வறண்டு இழுத்துப் பிடித்தது, மெல்லிய செதிலாக உரிந்தது. தண்ணீர் பட்டால் எரிச்சல், காற்று பட்டால் எரிச்சல், ஒருக்களித்துப் படுத்தால் எரிச்சல். சோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவளுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவள். குட்டிம்மா என்று கூப்பிடுவார்கள். சாயங்காலம் அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொள்வாள். இப்போது அந்தப் பிஞ்சு விரல் பட்டதுமே மீட்டரின் தலை தானாகப் பின்னால் போனது. குழந்தை முதலில் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை. கையை நீட்டும், பாதியில் நிறுத்தும், இறக்கிக்கொள்ளும். கன்னத்து எரிச்சல் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்தப் பழுதுக்கும் அவனிடம் இருப்பது ஒரே வைத்தியம்தான், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது.

"இது என்ன பெரிய விஷயம்? ஒவ்வொண்ணா நிறுத்துவோம். எதை நிறுத்தினா எரிச்சல் நிக்குதோ, அதைப் பிடிச்சுக்கலாம்" என்றான்.

முதலில் சோப்பு போயிற்று. பவுடர் போயிற்று. தலைக்கு வைக்கும் எண்ணெய், முட்டை, கத்தரிக்காய், வேர்க்கடலை என்று வரிசையாகப் போய், தட்டில் சோறும் உப்பும் மட்டும் மிஞ்சின. தலையணையை மாற்றினான். ஜன்னலில் இருந்த பூந்தொட்டியை மாடிப்படிக்கு நாடு கடத்தினான். கடைசியில் தன் மீசைக்குப் போடும் மையையும் விட்டுவிட்டு, நரைத்த மீசையோடு வேலைக்குப் போனான். "எனக்காக விட்டியா, சோம்பேறித்தனமா?" என்று கேட்டாள். அந்த நாட்களில் அவள் செய்த ஒரே கேலி அதுதான். எரிச்சல் நின்றபாடில்லை.

"வேலையிடத்துல ஏதாவது இருக்குமோ?" என்று அவளேதான் ஒருநாள் கேட்டாள்.

"லீவு நாள்ல எரியுதா இல்லையா?"

"எரியுது."

"அப்புறம் என்ன? ஸ்விட்சை அணைச்ச பிறகும் ஓடுற மோட்டார் உலகத்துல கிடையாது. அதுவும் இல்லாம, நீ தொடுறது என்ன குப்பையா? வெள்ளைவெளேர்னு துவைச்ச துணி. அதைப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?"

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. அவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

மருந்துக் கடைக்காரர் ஒரு ட்யூப் கொடுத்தார். தடவிய மறுநாளே கன்னம் பளபளவென்று ஆகிவிட்டது. கண்ணாடி முன் நின்று அவள் கடைக்காரரின் குடும்பத்தையே வாழ்த்தினாள். ட்யூப் தீர்ந்ததும் எரிச்சல் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. இன்னொரு ட்யூப் வாங்கினாள். அதுவும் அப்படியே. அதற்குள் இடது கன்னமும் சிவந்தது.

அதைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் இருந்தவரை ஏதோ ஒவ்வாமை என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. மறுபக்கத்துக்கும் தாவினால் அது வளர்கிறது, பரவுகிறது என்றுதானே அர்த்தம்? அடுத்த வாரம் அது எங்கே இருக்கும்?

குட்டிம்மாவின் கன்னத்தில் இருந்தது.

சிவப்பு, சொரசொரப்பு, எல்லாம் அச்சு அசல் அதேதான். காலையில் குழந்தையை விடப்போனபோது நாத்தனார்தான் முதலில் பார்த்தார். இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. மீட்டரும் மெக்கானிக்கும் வேலைக்குப் போயிருக்கும் நேரமெல்லாம் குட்டிம்மா இருப்பது அங்கேதான். பெரிய ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தம்பியையும் வளர்த்து, தம்பி பிள்ளையையும் வளர்ப்பவர். கெட்ட மனுஷி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வார்டில் பார்க்காத வியாதி இல்லை, அந்தப் பயம் அவர் எலும்பில் ஊறியிருந்தது. குழந்தையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மீட்டரின் முகத்தைப் பார்த்தார்.

"இது ஒட்டுவாரொட்டி" என்றார். "புள்ள இனிமே ராத்திரியும் இங்கதான் இருக்கும்."

"அண்ணி..."

"நீ கிட்ட வராதே. ஒரு டாக்டர் தன் வாயால இது ஒட்டாதுன்னு சொல்லட்டும். அன்னைக்கே தூக்கிட்டுப் போ. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

மீட்டருக்கு வாய் இல்லையா என்ன? லாண்டரியே நடுங்கும் வாய். ஆனால் குழந்தையின் கன்னம் கண் முன்னால் சிவந்து நிற்கும்போது எதை வைத்துச் சண்டை போடுவது? அவளுக்கே தெரியாதே, தான்தான் கொடுத்துவிட்டோமோ என்று. குழந்தையின் பையைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனாள்.

தோல் டாக்டரம்மா நிதானமான மனுஷி. கன்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், கையைப் புரட்டிப் பார்த்தார். ட்யூப்பைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது.

"இது ஸ்டீராய்டு, இனி தொடக்கூடாது. நிறுத்தினா கொஞ்ச நாள் அதிகமாகும், பயப்படாதீங்க. ஏதோ ஒண்ணு உங்க கன்னத்துல திரும்பத் திரும்பப் படுது. அது என்ன?"

மெக்கானிக் நிறுத்திய சாமான்களையெல்லாம் ஒப்பித்தான். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"லாண்டரியில?"

"கையாலதான் டாக்டர் வேலை. முகத்துல எதுவும் போடமாட்டேன்" என்றாள் மீட்டர். சத்தியமாகத்தான் சொன்னாள்.

"கை நல்லா இருக்கே" என்று டாக்டரம்மா யோசித்தார்.

"இது ஒட்டுமா டாக்டர்? அதை மட்டும் சொல்லுங்க."

"பார்த்தா ஒட்டுற மாதிரி தெரியல. ஆனா குழந்தைக்கும் வந்திருக்குன்னு சொல்றீங்க. குழந்தையைப் பார்க்காம எப்படிச் சொல்றது? கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. அதற்குள் குழந்தையின் கன்னம் ஆறத் தொடங்கிவிட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு சுத்தமாக ஆறியும்விட்டது. "பாத்தியா?" என்றார் நாத்தனார் தம்பியிடம். "அவகிட்ட இருந்து பிரிச்சேன், போயிடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இப்ப எதுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையணும்?" மெக்கானிக்கின் கழற்றிப் பார்க்கும் கணக்கே அவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. கழற்றியது அம்மாவை, நின்றது எரிச்சல்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவளை அவன் நேராகப் பார்க்கவில்லை. அவளுக்கு அது போதும், புரிந்துவிட்டது. ட்யூப்பை நிறுத்தியதால் முகம் வீங்கி, உரிந்து, கண்ணுக்குக் கீழே நீர் கட்டியிருந்தது. சாயங்காலங்களில் நாத்தனார் வீட்டுக்கு எதிரே, மூடிய கடை ஒன்றின் ஷட்டர் ஓரமாக நின்று பார்ப்பாள். ஜன்னலில் குட்டிம்மா தெரிவாள். கூப்பிட்டால் ஓடிவந்துவிடுவாளே என்று கூப்பிடமாட்டாள். தான் ஒரு தாயா, இல்லை வியாதியா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது அந்த நாட்களில்தான்.

செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. குழந்தை தூங்க மறுக்கிறது, தன் டவலைக் கேட்டு அழுகிறது என்று நாத்தனார் சொல்லி அனுப்பியிருந்தார். ஹோட்டல்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் ஓரம் கிழிந்த டவல்களை லாண்டரிப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அப்படி வந்த ஒன்றைக் கன்னத்துக்கு அடியில் வைத்தால்தான் குட்டிம்மாவுக்குத் தூக்கம் வரும். பழையதும் லாண்டரியிலேயே துவைத்து இஸ்திரி போட்டு வந்ததுதான், ஆனால் நைந்துபோயிருந்தது. மீட்டர் புதிதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். இஸ்திரி போடும்போது தெளிக்கும் வாசனைத் தண்ணீர் ஒன்று அந்த மழைக்காலத்தில்தான் லாண்டரிக்கு வந்திருந்தது. "செண்ட் தண்ணி" என்பார்கள். தெளித்தால் சுருக்கம் சட்டென்று போகும், துணி மணக்கும். மகளின் டவலுக்கு அதை இன்னும் நாலு தடவை கூடுதலாகவே அடித்தாள். முத்தம் கொடுக்க முடியாதவள் வேறு எதைக் கொடுப்பாள்? மடித்துப் புருஷனிடம் கொடுத்தனுப்பினாள்.

நாத்தனாரிடமிருந்து போன் வந்தபோது அவள் லாண்டரியில், அடுக்கிவைத்த விரிப்புகளுக்கு நடுவே நின்றிருந்தாள். அடுத்து ஒரு மூட்டை வேலை காத்திருந்தது.

"உண்மையைச் சொல்லு. நீ வந்து புள்ளையைத் தொட்டியா?"

"என்ன அண்ணி?"

"எதிர்த்தாப்புல வந்து நிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பாவம்னு விட்டேன். நான் கடைக்குப் போன நேரமா பாத்து உள்ள வந்தியா இல்லையா?"

"நான் வாசப்படி மிதிக்கல. எம் புள்ள மேல சத்தியமா மிதிக்கல."

"அப்ப இது எப்படி வந்துச்சு? ஆறிப்போன கன்னம் நேத்திலேருந்து மறுபடி சிவந்து கெடக்கு. சொறிஞ்சு சொறிஞ்சு அழுவுறா."

மீட்டர் அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வந்தது அழுகைதான். அது பாதியில் நின்றது. நான் போகவில்லை. தொடவில்லை. இருந்தும் வந்திருக்கிறது.

"அண்ணி," என்றாள், குரல் அவளுடையதாகவே இல்லை. "நான் வராம வந்திருக்குன்னா, அது நான் இல்ல. நம்ம வீட்டுலேருந்து அங்க என்ன வந்துச்சு?"

"என்ன வந்துச்சு? ஒண்ணும் வரல. உம் புருஷன் அந்த டவலைக் கொண்டாந்து கொடுத்தான். அவ்வளவுதான்." நாத்தனார் மூச்சு வாங்கினார். "அதையும்தான் பொழுதன்னிக்கும் கன்னத்துல வச்சுக்கிட்டே திரியுறா. உன்ன மாதிரியே."

"என்ன மாதிரியா?"

"பின்ன? எந்தத் துணியை எடுத்தாலும் கன்னத்துல வச்சுப் பாப்பியே. கொடியில காயுறதை எடுத்தாலும் அப்படித்தான். அதேதான் இவளும். வச்சுப் பாத்துட்டு 'ஈம், ஈம்'னு வேற சொல்றா."

'ஈரம்' என்பது குட்டிம்மா வாயில் 'ஈம்'.

"அண்ணி, அந்த டவலை இப்பவே வெளிய போடுங்க. என்னை ஒதுக்கி வச்சீங்கல்ல, அந்த மாதிரி அதையும் ஒதுக்கி வைங்க. கன்னத்தை வெறும் தண்ணியில கழுவிவிடுங்க. வேற ஒண்ணும் போடாதீங்க."

போனை வைத்துவிட்டு மீட்டர் ரோலர் பக்கம் திரும்பினாள். ஒரு விரிப்பு வெளியே வந்தது. எடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதன்முறையாகத் தன் கையையே கவனித்தாள். கை அவளைக் கேட்கவில்லை. தன்பாட்டுக்கு விரிப்பின் மடிப்பைத் தூக்கியது, கன்னத்துக்குக் கொண்டுபோனது. இடது கன்னத்துக்கு. வலது கன்னம் எரியத் தொடங்கிய பிறகு, அதற்கு நோகாமல் இந்தப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறது இந்தப் பாழாய்ப்போன கை. வியாதி பரவவில்லை. இவள்தான் தூக்கிக்கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

சூடு இருந்தும் துணி ஈரம் பட்ட மாதிரி இருந்தது. ரோலரிலிருந்து வந்த துணியில் ஏது ஈரம்? செண்ட் தண்ணீர்தான். அது பட்ட துணி காய்ந்த பிறகும் ஈரம் மாதிரியே இருந்தது. அதனால்தான் கொஞ்ச காலமாக ஒரே துணியை இரண்டு தடவை, மூன்று தடவை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மற்றவர்களும் சந்தேகம் வந்தால் "அக்கா, இதைக் கொஞ்சம் பாரு" என்று இவளிடம்தான் கொடுப்பார்கள். அங்கே அத்தனை பேரும் தொட்டது கையால். கன்னம் வைத்தது இவள் ஒருத்தி.

"ஏய், ரோலரை நிறுத்துங்கடி!" என்று கத்தினாள். முகம் எரிய எரியக் கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த முறை டாக்டரம்மா முன்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீட்டர் ஒரு மூலை, குட்டிம்மாவை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் எதிர் மூலை, நடுவே மெக்கானிக். செண்ட் தண்ணீர் டப்பா மேஜை மேல் இருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலக்க வேண்டியதாம். லாண்டரியில் அதை அப்படியே பாட்டிலில் ஊற்றித் தெளித்துக்கொண்டிருந்தார்கள், வாசனை தூக்கலாக இருக்கிறது என்று.

"இது கெட்டுப்போகாம இருக்க ஒரு மருந்து சேர்ப்பாங்க. அது சிலருக்கு ஒத்துக்காது. உள்ளங்கைத் தோல் தடிப்பு, தாங்கிக்கும். கன்னத்துத் தோல் மெல்லிசு" என்றார் டாக்டரம்மா. "உறுதியா சொல்லணும்னா முதுகுல ஒட்டிச் சோதிச்சுப் பார்க்கணும்."

"ஆனா லீவு நாள்லயும் எரிஞ்சுதே டாக்டர்?" என்றான் மெக்கானிக், விடாமல்.

"தோல் ஃபிரிட்ஜ் இல்லைங்க. ஸ்விட்சை அணைச்சதும் நிக்காது. ஒருநாள் பட்டதை ஆற்ற அதுக்குப் பல நாள் வேணும். அது ஆறுறதுக்குள்ள இவங்க மறுபடி வேலைக்குப் போயிடுறாங்க."

அவன் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டான். வீட்டுக்கு வரும் வழியில் "என்னாலதான் தள்ளிப்போச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மீட்டரின் முதுகில் ஒட்டிய வில்லைகளில் ஒன்றின் அடியில் சில நாளில் சிவப்பாகத் தடித்தது. டாக்டரம்மா சொன்ன அதே மருந்து. குழந்தைக்கும் அதே ஒவ்வாமையா, இல்லை கலக்காமல் தெளித்ததால் வந்த வெறும் எரிச்சலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார், எப்படியானாலும் டவலோடு போய்விடும். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, கேட்காமலே, "இது ஒட்டாதும்மா" என்றார்.

நாத்தனார் தலையை ஆட்டினார். ஆனாலும் குழந்தையை அன்றைக்குக் கொடுக்கவில்லை. "உன் முகம் ஆறட்டும். வீட்டுல அந்த வாசனை பட்ட துணியெல்லாம் துவைச்சுப் போடு. அப்புறம் நானே கொண்டாறேன்" என்றார். மீட்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தை வீட்டிலிருந்த துணிகளின் மேல் காட்டினாள். அலமாரியில் ஒரு கைக்குட்டைகூடத் தப்பவில்லை. லாண்டரியில் இப்போது பழையபடி வெறும் தண்ணீர்தான் தெளித்தார்கள். கன்னம் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு போட்டதால் முழங்கையை வைத்துப் பார்த்துப் பழகினாள். முழங்கை சரியான பொய்க்காரி, ஒரு கட்டு ஈரத்தோடு போய்த் திரும்பி வந்தது. முதன்முறையாக மீட்டர் தப்பாகக் காட்டியது என்று எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்தபோது கன்னம் எரியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

சொன்னபடியே நாத்தனார் வந்தார். இடுப்பில் குட்டிம்மா. வாசலிலேயே நின்று, மீட்டரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் விரல் கன்னத்தில் பட்டது, மீட்டரின் தலை நகரவில்லை.

"நான் உன்னை ரொம்பப் பேசிட்டேன்" என்றார்.

மீட்டர் கையை நீட்டினாள். குழந்தை வரவில்லை. அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கண்ணால் மட்டும் பார்த்தது. அம்மா முகத்தைத் தொடக்கூடாது, தொட்டால் அம்மா விலகிப்போய்விடுவாள் என்பதை அது நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தது. விரல் ஒன்று மெல்ல நீண்டது. பாதி வழியில் நின்றது. இறங்கிவிட்டது.

தோல் ஆறிவிட்டது, இது ஆறுமா என்று மீட்டர் பயந்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே குனிந்து, குழந்தையின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, ஆடாமல் அசையாமல் நின்றாள்.

குட்டிம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு அத்தையின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, எட்டி, தன் கன்னத்தை அம்மாவின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். துணியை வைத்துப் பார்க்கிற அதே மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, கவனமாக. மறுபக்கத்தையும் வைத்துப் பார்த்தாள்.

"ஈம்" என்றாள்.